கோட்டுக்குக் கீழே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மூக்கு நுனியில்கூட இல்லை, அதற்கும் ஒரு அடி முன்னால் நடந்து போகிறது என்று என் மகள் சொல்வாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால் இங்கே நான் யாரையாவது திட்டினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டாவிட்டால்தான் எனக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலையில் நான் ஒரு மடல் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நியூஸ்லெட்டர் என்று மகள் பெயர் சொல்கிறாள். அதில் நியூஸ் என்று ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது. குழாய் ஒழுகியது, கடைக்காரரிடம் சண்டை போட்டேன், பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் பாயில் குட்டி போட்டது, இவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு அது 'உன் பேப்பர்'. "உன் பேப்பர் போயாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சனிக்கிழமை இரண்டாவது காபி கேட்பார்.

நான் பல் கட்டுகிறவள். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், எங்கள் லேபில் பல்செட் செய்து திருப்பி அனுப்புவோம். இந்த ஊரில் எத்தனையோ பேர் என் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள், ஆனால் அதில் ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது. நாள் முழுக்க மெழுகும் மாவுமாக வாயை மூடிக்கொண்டு வேலை. வாயைத் திறந்தால் தூசி போகும். அப்படி அடைத்து வைத்த பேச்செல்லாம் சாயங்காலம் மகளிடம் கொட்டுவேன். அவள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் கொட்ட இடமில்லாமல் அவளுக்கு நீளநீளமாகச் செய்தி அனுப்பினேன்.

"அம்மா, நீ அனுப்பறதை என் ரூம்ல எல்லாரும் வாங்கி வாங்கிப் படிக்கறாங்க. பேசாம எல்லாருக்கும் நேரா அனுப்பிடேன்" என்றாள் ஒரு நாள். அவளே கணக்கு ஆரம்பித்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எதை அழுத்தவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். முதல் வாரம் பதினொரு பேர். அதில் பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள், வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவர்கள். நாலு வருஷத்தில் அது நானூறைத் தாண்டிவிட்டது. எப்படி என்று எனக்கே புரியவில்லை.

இதில் என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒரு ஆள் வாராவாரம் 'ம்' என்று மட்டும் பதில் போடுவார். ஒரே எழுத்து. "ஏன், அடுத்த எழுத்துக்குக் காசு கேக்கறாங்களாமா இவருக்கு?" என்று நான் எரிந்து விழுவேன். ஒரு வாரம் அந்த 'ம்' வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. யாரென்றே தெரியாத மனுஷனுக்காக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் வந்தது: 'ஆஸ்பத்திரியில் இருந்தேன். இரண்டு மடலும் சேர்த்துப் படித்தேன். ம்.' மேசை முன்னால் உட்கார்ந்து அழுதேன், வேறென்ன செய்வது!

கஷ்டமும் உண்டு. ஒருவர் விலகினால் 'ஒருவர் விலகிவிட்டார்' என்று செய்தி வரும். போனால் போகட்டும் கழுதை என்று சொல்லிவிட்டு, உடனே யார் என்று தேடிப் பார்ப்பேன். ஒரு தடவை பார்த்தால் என் சின்ன நாத்தனார். அவள் வீட்டு விருந்துக்குப் போய், வாயைச் சாப்பாட்டுக்கு மட்டும் திறந்துவிட்டு வந்தேன்.

அதைவிடப் பெரிய கஷ்டம், சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வரை தலைக்குள் ஆயிரம் விஷயம் முண்டியடிக்கும். சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தால் ஒன்றையும் காணோம். அப்படிப்பட்ட வாரங்களில் என்னைக் காப்பாற்றியவர் என் வீட்டுக்காரர்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைப்பட்டவை. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் பேச வேண்டும், கதவு அப்புறம்தான் என்பார். வெளியே நின்று வேலை செய்துகொண்டே, "பதறாதீங்க. நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போகலை. நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்பார். அவர்களும் பேசுவார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். வேலை நேர்காணலுக்குப் போகிறவன் பதில்களை ஒப்பிப்பான். சண்டை போட்டுக்கொண்டே ஏறிய புருஷன் பெண்டாட்டி, வெளியே வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்து, கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவி, மேசைக்கு வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். நான் வாயைப் பிளந்து கேட்பேன். சனிக்கிழமை அது மடலில் வந்துவிடும். 'லிஃப்ட்காரர்' என்றுதான் அவருக்கு அதில் பெயர். லிஃப்ட்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தோம் என்று அதனிடமே கேட்பது, லிஃப்ட்காரர் தூக்கத்தில் "கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்று அதட்டுவது, எல்லாம் வரும். வாசகர்களுக்கு அவர் என்றால் உயிர். என்னை யாரும் நலம் விசாரித்ததில்லை, லிஃப்ட்காரர் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

நான் எழுதும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் கெட்டது. எங்கள் லேபில் உலோகத்தைச் சீவும்போது உதிர்வதைக் கூட்டி ஒரு டப்பாவில் போட்டு வைப்போம், தூக்கிப் போட மாட்டோம். அந்தப் பழக்கம் எழுத்திலும் தொற்றிக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு ஒரே கோப்பு. மேலே இந்த வார மடல். அதன் அடியில் நட்சத்திரக் குறிகளால் ஒரு கோடு. வெட்டி எடுத்ததெல்லாம் கோட்டுக்குக் கீழே போய்ச் சேரும். சனிக்கிழமை கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும் எடுத்து ஒட்டி அனுப்புவேன். கீழே இருப்பது வாரா வாரம் வளரும். யாருக்கும் காட்டியதில்லை.

நான் வெட்டுவது எல்லாம் என்ன என்று கேட்டால், அசடு வழிகிற இடங்கள். சிரிக்க வைக்கத் தெரிந்தவளுக்கு உருகுவது கூச்சம். பாசமாக ஒரு வரி வந்து விழுந்தால், "ச்சீ, என்ன இது, கல்யாணமான புதுசா?" என்று நானே சொல்லிக்கொண்டு அதைக் கீழே தள்ளிவிடுவேன். மேலே கேலி மட்டும் நிற்கும்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் வழக்கம்போல மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஆனால் "என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிக்கவில்லை. அன்றைக்குக் குழியில் வேலை என்றார். லிஃப்டுக்கு அடியில், தரைக்குக் கீழே, ஒரு குழி இருக்கும். சுத்தம் செய்யவும் ஸ்பிரிங்கைப் பார்க்கவும் அதற்குள் இறங்க வேண்டும். தலைக்கு நேர் மேலே லிஃப்ட் பெட்டி நிற்கும்.

"இத்தனை வருஷம் ஆச்சு. இன்னும் அதுல இறங்கும்போது பயமா இருக்குடி" என்றார். "ஸ்விட்சை நிறுத்திட்டுத்தான் இறங்கறேன். இறங்கினதும் நிறுத்தினேனான்னு மறுபடி ஏறி வந்து பாக்கறேன். யார்கிட்டயும் சொன்னதில்லை. இன்னிக்கு ரெண்டு தடவை ஏறி வந்தேன்."

என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது என்று எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அடுப்பிடம் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை எழுத எனக்கு வேறு ஒன்றும் இல்லை. 'உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். நம்ம லிஃப்ட்காரருக்கு லிஃப்ட் என்றால் பயமாம்! சோற்றைக் கண்டு ஓடுகிற சமையல்காரனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?' என்று ஆரம்பித்து, அவர் குழிக்கும் தரைக்கும் ஏறி இறங்குவதை விலா நோகச் சிரிக்கும்படி எழுதினேன். அதுவரை வந்ததிலேயே அதற்குத்தான் அதிகப் பதில். யாரோ அவருடைய பட்டறையில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை அவருடைய அலமாரிக் கதவில் 'மாடிப்படி இந்தப் பக்கம்' என்று அம்புக்குறி போட்டு ஒரு தாள். அதைக்கூட அவர் சிரித்துக்கொண்டே கிழித்திருப்பார். ஆனால் ஒரு கட்டட மேனேஜர் எல்லார் முன்னாலும், "உங்களுக்குப் பயமா இருந்தா வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமலே நின்றார்.

"என்னை உன் பேப்பர்ல இருந்து எடுத்துடு."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "நாலு பேர் சிரிச்சா என்ன குறைஞ்சு போச்சு? பேரா போட்டேன்? உங்க மேல எத்தனை பேர் பிரியமா இருக்காங்க தெரியுமா? அதெல்லாம் என் புண்ணியம்தானே!"

"ஊர்ல நாலு பேர் சிரிக்கறதைப் பத்தி நான் சொல்லலை" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நான் உன்கிட்டதான் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிச்சுடுங்க என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது என்னவோ, "காபி ஆறுது" என்பதுதான்.

சொன்னபடி அவரை எடுத்துவிட்டேன். மடலில் இருந்து மட்டும் அவர் போயிருந்தால் பரவாயில்லை. மேசையில் இருந்தும் போய்விட்டார். வருவார், கை கழுவுவார், உட்காருவார், சாப்பிடுவார். "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று நானாகக் கேட்டால், "ஒண்ணுமில்லை" என்பார். கோபமாகக்கூட இல்லை. கோபமாக இருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டு ஒரு வழியாக முடித்திருப்பேன். ஒண்ணுமில்லை என்பதோடு எப்படிச் சண்டை போடுவது? நாள் முழுக்க யார் யாரிடமோ கதவு வழியாகப் பேசிவிட்டு வருகிற மனுஷன், என் எதிரில் வந்து வாயை மூடிக்கொண்டார். மகள் போன பிறகு அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே பேச்சு அவருடையது. அதுவும் இல்லாமல் போனது.

வாசகர்கள் விடவில்லை. 'லிஃப்ட்காரர் எங்கே?' 'லிஃப்ட்காரருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?' ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் ஒரு பியானோ டீச்சர் உண்டு. அவர் கட்டடத்து லிஃப்டுக்கும் இவர்தான் மெக்கானிக் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் மட்டும், 'அவர் போன வாரம் இங்கே வந்தார். முகமே சரியில்லை. என்ன செய்தீர்கள்?' என்று எழுதியிருந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்! என்ன செய்தீர்களாம். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாதா?

மடலை நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். மகளிடம் போனில் சொன்னேன்.

"நிறுத்தினா அப்பா பேசிடுவாரா?" என்றாள்.

"தெரியலையே."

"மன்னிப்புக் கேட்டியா?"

"அதெல்லாம் அவருக்கே தெரியும்."

"எப்படித் தெரியும்? நீ அடுப்பைப் பாத்துப் பேசினா அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பெற்றது சரியாகத்தான் பெற்றிருக்கிறேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை. காலையில் கடைசி முறையாக முயன்று பார்த்தேன். காபியை வைத்துவிட்டு, "இன்னிக்கு எங்க வேலை?" என்றேன். "எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தபால் நிலைய வரிசையில் நின்ற கதையை உப்புச் சப்பில்லாமல் எழுதி வைத்திருந்தேன். "இதுக்கு மேல இதுல ஒண்ணும் கிடையாது, படிச்சா படிங்க, படிக்காட்டி போங்க" என்று நானூறு பேரையும் திட்டிக்கொண்டே எடுத்து ஒட்டினேன், அனுப்பினேன், மூடினேன், லேபுக்கு ஓடினேன். சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள்.

பத்து மணி வாக்கில் மேலங்கிப் பையில் போன் துடிக்க ஆரம்பித்தது. சாதாரணமாக மத்தியானத்துக்குள் ஐந்தாறு பதில் வரும். இது நிற்கவே இல்லை. பார்த்தாயா, வரிசையில் நின்ற கதையே இத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது, என் கை அப்படி என்று மெழுகைச் சீவிக்கொண்டே பெருமைப்பட்டேன். தலையில் கிரீடம் வைக்காத குறை. கையைத் துடைத்துவிட்டு முதல் பதிலைத் திறந்தேன்.

'பஸ்ஸில் படித்தேன். அழுகையை அடக்க முடியாமல் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.'

தபால் நிலைய வரிசைக்கு யார் அழுவார்கள்?

அடுத்தது: 'குழியைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.' அதற்கடுத்தது 'ம்' ஆசாமி. ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் எழுதியிருந்தார்: 'அவரிடம் இதை நேரில் சொன்னீர்களா?'

நான் அனுப்பியதை நானே திறந்து பார்த்தேன். தபால் நிலையம் முடிந்தது. நட்சத்திரக் கோடு வந்தது. அதற்குக் கீழே, அந்த வருஷம் முழுக்க நான் வெட்டிப் போட்டது அத்தனையும், ஒரு வரி விடாமல். கோட்டோடு நிறுத்திப் பிரித்து எடுக்காமல், ஆத்திரத்தில் மொத்தத்தையும் எடுத்து ஒட்டியிருக்கிறேன். நாசமாய்ப் போச்சு என்று சத்தமாகவே சொன்னேன். லேபில் எல்லாரும் நான் யாருடைய பல்லையோ உடைத்துவிட்டேன் என்று ஓடி வந்தார்கள்.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தாள்.

"இதைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"போனது போனதுதாம்மா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, இதையெல்லாம் ஏன் வெட்டின?" என்றாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எடுத்துவிடு என்று சொன்ன மனுஷனை, ஒரு வருஷத்துக்கும் சேர்த்து ஊருக்குப் படையல் வைத்துவிட்டேன். முதல் தடவை போனது பேச்சு. இந்தத் தடவை போகப்போவது என்ன என்று நினைக்கவே பயமாக இருந்தது. யாராவது அவருக்குக் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எடுக்க மாட்டார்.

சாயங்காலம் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டது. கை கழுவும் சத்தம் வெகு நேரம் கேட்டது. மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பப் போனேன்.

"உட்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்றார்.

எத்தனை மாசம் ஆயிற்று அதைக் கேட்டு! தலையை மட்டும் ஆட்டினேன்.

"அந்தப் பியானோ டீச்சர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. கதவு ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்திருந்தது. நான் வழக்கம்போல, பதறாதீங்க, பேசிக்கிட்டே இருங்கன்னு சொன்னேன். அந்தம்மா, 'யாரு, லிஃப்ட்காரரா? நான் பதறலை. நீங்க இன்னிக்கு வந்ததைப் படிச்சீங்களா?'ன்னு கேட்டாங்க. நான் அதெல்லாம் படிக்கறதில்லைன்னேன். 'அப்ப நின்னு கேளுங்க'ன்னு, போனை எடுத்து உள்ளே இருந்து படிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"ஐயோ" என்றேன்.

"நீ சும்மா இரு. நான் சொல்லி முடிக்கறேன். 'தூக்கத்தில் இவர் கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க என்கிறார். நான் தள்ளி நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் படுத்துக்கொள்கிறேன்.' இதைப் படிச்சாங்க. பின்னால ஏணி பிடிச்சுக்கிட்டு வாட்ச்மேன் நிக்கறார்." அவர் காது சிவந்திருந்தது. "அப்புறம் அந்தக் குழி."

எனக்கு அந்த இடம் மனப்பாடம். கேலியாக எழுதி முடித்த அதே காலையில் எழுதி, கோட்டுக்குக் கீழே தள்ளியது. 'குழிக்குள் இறங்கப் பயமாக இருக்கிறது என்று இந்த வாரம் சொன்னார். எனக்கும் பயம் வந்துவிட்டது. ஆனால் யோசித்தால், இத்தனை வருஷமும் இவர் பயந்துகொண்டேதான் இறங்கியிருக்கிறார். பயந்ததால்தான் ஏறி வந்து ஸ்விட்சைப் பார்த்திருக்கிறார். பயம் போய்விட வேண்டாம். அந்தப் பயம்தான் இவரைத் தினமும் எனக்குத் திருப்பி அனுப்புகிறது. இதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுப்பைத் துடைத்தேன்.'

"படிச்சு முடிச்சாங்க" என்றார். "நான் ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கறேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு அந்தம்மா உள்ளே இருந்து, 'பதறாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போக முடியாது. நீங்க அழுது முடிச்சுட்டுக் கதவைத் திறங்க'ன்னாங்க."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் சிரித்தார்.

"அழுதீங்களா?"

"வாட்ச்மேனைக் கேளு" என்றார். பிறகு கையை நீட்டி மேசை மேல் வைத்தார். "வருஷக்கணக்கா மேல இருக்கறதை ஊருக்கு அனுப்பிட்டு, கீழ இருக்கறதை யாருக்கும்மா சேத்து வெச்சே?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சுடுங்க என்று சொன்னேன். இந்தத் தடவை அது மன்னிச்சுடுங்க என்றே வெளியே வந்தது. காபி உண்மையிலேயே ஆறிப்போயிருந்தது.

"மேல போடு, கீழ போடு, என்ன வேணா எழுது" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. கீழ இருக்கறது எனக்கு. முதல்ல அதை எனக்குப் படிச்சுக் காட்டணும். அப்புறம்தான் மேல இருக்கறது ஊருக்கு. எது மேல போகணும்னு நானும் சேந்து சொல்லுவேன்."

"படிக்கறதா? வாயாலயா?" என்றேன். "நீங்களே கண்ணால படிச்சுக்கக் கூடாதா?"

"கூடாது" என்றார் லிஃப்ட்காரர்.

அடுத்த சனிக்கிழமை காலையில் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை அதிகாரி மாதிரி உட்கார்ந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குப் படிக்க வரும் என்று கத்தினேன். சரி என்று எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நட்சத்திரக் கோட்டைத் தாண்டிக் கீழே வந்தேன். அவர் பேசாமல் இருந்த மாதங்களைப் பற்றி அந்த வாரம் எழுதியிருந்தேன். இரண்டு வரி படித்தேன். மூன்றாவது வரியில், 'சாயங்காலம் பூட்ஸ் கழற்றும் சத்தம் கேட்டதும்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். மூடி வைத்துவிடலாம் என்று கையைக்கூடக் கொண்டுபோனேன்.

அவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே, கையை மட்டும் பின்னால் நீட்டி என் முழங்காலில் வைத்தார்.

"பதறாதே" என்றார். "நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகலை. நீ பேசிக்கிட்டே இரு."

நான் படித்தேன்.